ஆயுசு கூடினால் சர்க்கரை வரத்தான் செய்யுமா?

திருவனந்தபுரம் பழவங்காடியில், பிள்ளையார் கோயில் விடலைத் தேங்காய்ச் சத்தம் கேட்கும் தூரத்தில், எந்தச் சாயாக்கடையில் நின்றாலும் "ஒரு விதவுட்" என்ற குரல் காதில் விழும். சர்க்கரை போடாத சாயா. கேட்டவர் கையில் பெரும்பாலும் ஒரு பழம்பொரி இருக்கும்: மைதாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த ஏத்தம்பழம். ஒரு கரண்டி சீனியைத் தள்ளிவிட்டு, அதைவிடப் பல மடங்கு மாவுச்சத்தை அதே நிமிஷத்தில் உள்ளே அனுப்புகிறோம். யாராவது எடுத்துச் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "கேரளத்தில்தான் ஆயுசு ஜாஸ்தி. ஆயுசு கூடினால் சர்க்கரையும் பிரஷரும் கூடவே வரத்தான் செய்யும்." படித்தவர்களும் சொல்லும் இந்த வாதத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆயுசுக் கணக்கிலேயே தொடங்கலாம். கேரளத்தின் சராசரி ஆயுள் சுமார் 75, இந்தியாவுக்கு 70. ஆனால் இது பிறக்கும் குழந்தைக்கான கணக்கு. 2020இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தார்கள். கேரளத்தில் 6 பேர். அந்தப் பெருமையில் பெரும்பங்கு பிரசவ வார்டுக்கும் தடுப்பூசிக்கும் பெண்கல்விக்கும் உரியது. அறுபது வயதுக்காரருக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று கணக்கிட்டால் கேரளத்துக்கும் மற்ற மாநிலங்களுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறுகிவிடும். குழந்தைகளைக் காப்பாற்றிச் சம்பாதித்த எண்ணைக் காட்டி, நாற்பது வயதுக்காரர் தன் ரத்தக்கொதிப்புக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

"இது வயசான வியாதி" என்பது அடுத்தது. கேரளத்தில் முதியவர்கள் அதிகம் என்பது நிஜம்தான். ஆனால் நாட்பட்ட நோய் பறிப்பது கடைசி வருஷங்களை மட்டுமல்ல, எந்த வயதில் வந்தது என்பதே முக்கியம். 19 பணக்கார நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்க மரண விகிதப்படி இப்படிக் கணக்கிட்டது: 30 வயதில் சர்க்கரை நோய் கண்டவருக்கு சராசரியாக 14 ஆண்டு ஆயுள் குறைகிறது, 40இல் கண்டவருக்கு 10, 50இல் கண்டவருக்கு 6. அதாவது நோயைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டாலே பெரிய லாபம். அதே ஆண்டு வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வு, கேரளத்தில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை என்றது. முதியவர்கள் மட்டும் சேர்ந்து இந்த எண்ணை உண்டாக்கிவிட முடியாது.

"எங்க அப்பாவுக்கும் அட்டாக்தான், ரத்தத்தில் இருக்கு." இப்படிப்பட்ட குடும்பங்களில்தான் இதே ஊர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. இளவயதிலேயே மாரடைப்பு வந்தவர்களின் 750 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் போய் ரத்த அழுத்தம் பார்த்து, சாப்பாடும் புகையிலையும் பற்றிப் பேசி, வேண்டியவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலை ஆகிய நாலில் மூன்றையாவது கட்டுக்குள் வைத்தவர்கள் இரண்டு வருஷத்தில் இந்தப் பக்கம் 64 சதவீதம், வழக்கமான பக்கம் 46. ரத்த உறவு மாறவில்லை. வீட்டுப் பழக்கம் மாறியது. பரம்பரையாக வருவதில் ஜீனோடு சமையலறையும் சேர்த்தி.

"மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பயம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கட்டுப்படாத சர்க்கரையும் அழுத்தமும் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களை வருஷக்கணக்கில் அரித்துவிடுகின்றன. சிறுநீரகம் பழுதான பிறகு டாக்டர் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைக் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். பக்கத்து வீட்டார் அதைப் பார்த்து மாத்திரையால்தான் கெட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அதே வீட்டில் முட்டுவலிக்குச் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை தினமும் போகிறது; சிறுநீரகத்துக்கு உண்மையில் கெடுதல் செய்யக்கூடியது அதுதான். கேரளத்தில் 12,012 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில் ரத்தக்கொதிப்பு இருந்தவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 12.4 சதவீதம்தான். தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவதற்கு இதில் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பக்கவாதம் வரும்வரை ரத்தக்கொதிப்பு பலருக்கும் எந்த அறிகுறியும் காட்டாது.

"நடைப்பயிற்சியும் பத்தியமும் காசுள்ளவர்களுக்கு" என்பதற்குப் பதில் சென்னையிலும் நெய்யாற்றின்கரையிலும் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினமும் நடந்து, சாப்பாட்டை மாற்றியவர்களில் 39.3 சதவீதம். ஜிம் எதுவும் தேவைப்படவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் 1,007 பேரில் ஒரு பாதியினரை ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்த்து நடத்திய முயற்சி அந்த அளவுக்குப் பலன் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்: இரண்டு வருஷத்தில் நோய் வந்தவர்கள் குழுவில் சேராத பக்கம் 17.1 சதவீதம், சேர்ந்த பக்கம் 14.9; தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய வித்தியாசம். ஆனால் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரை இறங்காத கட்டத்தில் இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. புகையிலையும் மதுவும் குறைந்தன. தடுப்பது வீண் என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. யாரைத் தேடிப் பிடித்து எவ்வளவு அழுத்தமாகச் செய்யவேண்டும் என்றுதான் அது காட்டுகிறது. அதனால்தான் 30 வயதானவர்கள் அரசுச் சுகாதார நிலையத்தில் காசில்லாமல் ஒருமுறை அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். சாலைக் கடைத்தெருவில் காலை முதல் ராத்திரி வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

கடைசியாக, "இத்தனை வருஷம் குடிச்ச பீடி, இனி விட்டு என்ன பிரயோஜனம்?" பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு 2004இல் பதில் சொன்னது. சிகரெட்டை விடாதவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 40 வயதில் விட்டவர்கள் அதில் ஒன்பதையும், 50இல் விட்டவர்கள் ஆறையும், 60இல் விட்டவர்கள் மூன்றையும் மீட்டுக்கொண்டார்கள்.