உயரத்தை அளக்கும் சட்டம் ஆட்களை எண்ணுமா?

டில்லியில் பெரிய தீ விபத்து ஒன்று நடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை நம்மில் பலர் மனப்பாடமாகவே சொல்லிவிடலாம். மந்திரிகள் ஸ்தலத்தைப் பார்வையிடுவார்கள். நஷ்ட ஈடு அறிவிக்கப்படும். கட்டடச் சொந்தக்காரர் கைதாவார். ஒரு வாரத்துக்கு அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்கிச் சீல் வைப்பார்கள். முடிவில், கட்டட விதிகளையும் தீத்தடுப்பு விதிகளையும் திருத்த வேண்டும் என்ற குரல் எழும். திருத்த வேண்டியதுதான். ஆனால் எதைத் திருத்துவது என்பது தெளிவாகாதவரை, திருத்தம் காகிதத்தோடு நின்றுவிடும்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. தலைநகருக்கென்று 1986-லேயே தனியாக ஒரு தீத்தடுப்புச் சட்டம் வந்தது. 1997 ஜூன் 13 அன்று உபஹார் சினிமாக் கொட்டகையில் 59 பேர் மாண்டனர். பிறகு 2007-ல் புதிய தீயணைப்புச் சட்டமும், 2010-ல் அதற்கான விதிகளும் வந்தன. 2016-ல் கட்டடத் துணைவிதிகள் புதுப்பிக்கப்பட்டன; தேசியக் கட்டட விதித் தொகுப்பும் அதே ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டது. இத்தனைக்கும் பிறகு 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் அனாஜ் மண்டியில் 43 தொழிலாளர்கள் மடிந்தார்கள். 2022 மே 13 அன்று முண்ட்காவில் 27 பேர் பலியானார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் தீயணைப்புத் துறையின் சான்று கிடையாது. சான்று வாங்காதவர்களைப் பிடிக்காதது முதல் குறை. அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதிகம் பேசப்படாத இரண்டாவது குறை, விதியின் அளவுகோலிலேயே இருக்கிறது.

மீட்டர் கணக்கு

எந்தக் கட்டடத்துக்குத் தீயணைப்புச் சான்று அவசியம் என்பதை 2010-ம் ஆண்டு விதிகள் பெரும்பாலும் உயரத்தை வைத்தே வகுத்தன. குடியிருப்பும் ஆபீஸும் 15 மீட்டரைத் தாண்ட வேண்டும். ஹோட்டலும் விருந்தினர் விடுதியும் 12 மீட்டரைத் தாண்ட வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைக் கட்டடம் இவற்றுக்கு 9 மீட்டர். தொழிற்கூடத்துக்கும் கிடங்குக்கும் மட்டும் உயரத்துக்குப் பதில் பரப்பு: எல்லாத் தளங்களும் சேர்ந்து 250 சதுர மீட்டருக்கு மேல்.

உயரத்தை அளப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டாத மாடிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆனால் மேலே சொன்ன இரண்டு கட்டடங்களும் வானளாவியவை அல்ல. நாலு மாடிக் கட்டடங்கள். அனாஜ் மண்டியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் நெருப்பில் வெந்து இறக்கவில்லை. தூக்கத்திலேயே புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி. வண்டி நுழைய முடியாத சந்து. முண்ட்காவில் ஏறவும் இறங்கவும் ஒரே மாடிப்படி. கண்ணாடியை உடைத்துக்கொண்டு, அவ்வழியே வந்த கிரேனின் உதவியால் பலர் தப்பினார்கள். மற்றவர்களுக்கு அந்த வழியும் கிட்டவில்லை.

ஒற்றை மாடிப்படி உள்ள கட்டடத்தில் கீழே தீப்பிடித்தால் அந்தப் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். தப்பிக்கும் வழியும் புகை ஏறும் வழியும் ஒன்றாகிவிட்ட பிறகு, மேலே இருப்பவனுக்கு நாலாவது மாடியும் நாற்பதாவது மாடியும் ஒன்றுதான். ஆகவே ஆபத்தை நிர்ணயிப்பவை மூன்று: உள்ளே எத்தனை பேர், அவர்கள் விழித்திருக்கிறார்களா, வெளியேற இரண்டாவது வழி உண்டா. மீட்டர் கணக்கில் இந்த மூன்றுக்கும் இடமில்லை.

புத்தகத்தில் இருக்கிறது, வாசலில் இல்லை

ஆட்களை எண்ணும் வழக்கம் நிபுணர்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. தேசியக் கட்டட விதித் தொகுப்பிலேயே தலைக்கு இவ்வளவு இடம் என்ற கணக்கு இருக்கிறது. தொழிற்கூடம் என்றால் ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்து, அதற்கேற்ப வாசலும் படிக்கட்டும் அமைய வேண்டும் என்கிறது அது. ஆனால் அந்தத் தொகுப்பு பரிந்துரை மட்டுமே. மாநிலமும் நகராட்சியும் தங்கள் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் அது கட்டாயமாகும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். 200 சதுர மீட்டர் பரப்புள்ள பட்டறைக்கு அந்தக் கணக்குப்படி 20 பேர்தான். அங்கே பகலில் 60 பேர் வேலை செய்து, இரவில் 40 பேர் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்தாலும், பரப்பு 250-ஐ எட்டாததால் சான்று கேட்கும் விதி வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது.

தொழிலாளர் சட்டமும் அந்தத் திசையிலேயே நகர்ந்திருக்கிறது. 1948-ம் ஆண்டுச் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேரும், இல்லாத இடத்தில் 20 பேரும் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்பில் அந்த எண்கள் 20, 40 என்று உயர்ந்துவிட்டன. சிறு தொழில்களுக்குத் தொல்லை குறையும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். இருக்கலாம். ஆனால் சிறு பட்டறைகளில்தான் தொழிலாளி இரவும் தங்குகிறான் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

இது டில்லிக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2017 டிசம்பரில் பம்பாய் சாக்கிநாக்காவில் பலகாரம் தயாரிக்கும் கடையில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே பெங்களூரில் ஒரு மதுக்கடைக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஊழியர்கள் 5 பேர் மாண்டார்கள். 2025 டிசம்பரில் கோவாவில் இரவு விடுதி ஒன்றில் பலியான 25 பேரில் பெரும்பான்மையினர் அங்கு வேலை பார்த்தவர்கள். பிழைக்க வந்த ஊரில் வேலை செய்யும் இடமே வீடாகவும் ஆகிவிடுவது எத்தனை சகஜம் என்பதை, ஹோட்டலிலும் பட்டறையிலும் காலம் தள்ளும் நம்மவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சான்று இருந்தும் என்ன?

2019 பிப்ரவரியில் 17 பேரைப் பலிகொண்ட கரோல்பாக் ஹோட்டலிடம் தீயணைப்புச் சான்று இருந்தது. 2010-ம் ஆண்டு விதிகளின்படி அத்தகைய சான்று குடியிருப்புக்கு 5 ஆண்டுகளும் மற்றவற்றுக்கு 3 ஆண்டுகளும் செல்லுபடியாகும். மூன்று ஆண்டுக்குள் மொட்டைமாடியில் கூரை எழும்பலாம்; அவசர வாசலுக்குப் பூட்டு விழலாம். சான்று அதைக் காட்டாது.

விதியைத் தளர்த்துவதன் விளைவுக்கும் உபஹாரே சாட்சி. 1976-ல் டிக்கெட் விலையைக் குறைத்ததற்கு ஈடாகக் கொட்டகைகளில் கூடுதல் ஆசனங்கள் போட அனுமதிக்கப்பட்டது. 1979-ல் அந்த அனுமதி ரத்தாயிற்று. ஆயினும் பால்கனியில் போட்ட கூடுதல் ஆசனங்களில் பெரும்பகுதி அப்படியே நீடித்தது. தனியாக அமைத்த எட்டு ஆசன 'பாக்ஸ்' ஒரு வாசலையே அடைத்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சலுகைக்கு விலை கொடுத்தவர்கள் படம் பார்க்கப் போன ஜனங்கள்.

நம் ஊரின் துயரம் ஒன்று தேசத்துக்கே விதி ஆனதும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகிய பிறகு தொடரப்பட்ட வழக்கில், 2009-ல் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் பள்ளிகளில் தீப்பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது. டில்லிப் பள்ளிக்கூடத்துக்கும் அது பொருந்தும். குழந்தைகளுக்குச் செய்ததைத் தொழிலாளிக்கும் செய்ய முடியும் என்பதே இதிலுள்ள பாடம்.

செய்ய வேண்டியது

எதிர்த் தரப்பு வாதத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. பழைய டில்லியின் சந்துகளில் நூறு வருஷக் கட்டடத்தைப் புது விதிக்கு முழுவதும் பொருத்த முடியாது. எல்லாவற்றையும் சீல் வைத்தால் முதலாளிக்கு நஷ்டம். தொழிலாளிக்கோ அன்றைய சாப்பாடே போச்சு. 'பட்டறையில் படுக்கக் கூடாது' என்று ஒரு வரி உத்தரவு போடுவது சுலபம். படுக்க வேறு இடம் யார் தருவது? 2020-ல் மத்திய சர்க்கார் அறிவித்த குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் இத்தகையவர்களுக்காகவே வந்தது. விதித் திருத்தத்தையும் அத்தகைய திட்டத்தையும் இணைத்துப் பார்த்தால்தான் உத்தரவு நிற்கும்.

ஆகவே திருத்தம் படிப்படியாக வரலாம். ஆனால் முதல் படியில் மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும். ஒன்று, உயரம் எதுவானாலும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் கூடுகிற அல்லது உறங்குகிற எந்தக் கட்டடமும் சோதனைக்கு உட்பட வேண்டும். இரண்டு, அடுத்த மாடிக்குச் செல்லும் இரும்பு ஏணியோ, உள்ளிருந்து திறக்கும் ஜன்னல் கம்பிக் கதவோ, எப்படியாவது இரண்டாவது வழி ஒன்று வேண்டும். இதற்குக் கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் செலவும் இல்லை. மூன்று, பஸ்ஸில் இத்தனை பேர் உட்காரலாம், இத்தனை பேர் நிற்கலாம் என்று எழுதியிருப்பது போல, உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்பதை வாசலில் பெயிண்டால் எழுதி வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வராத நாளிலும் அந்த எண்ணை எல்லோரும் படிக்கலாம்.

சட்டம் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. தங்கும் அறையிலும் வேலை செய்யும் இடத்திலும் இரண்டாவது வழி எது, அதன் சாவி யாரிடம் என்று கேட்டு வைப்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். எண்ணப்படாத மனிதனுக்கு விதியில் வாசல் இருக்காது. அடுத்த திருத்தம் கட்டடத்தின் உயரத்தைக் கேட்பதற்கு முன், உள்ளே எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்கட்டும்.