தரைவீட்டுக்கு ஏன் இத்தனை பிடிவாதம்?

வட சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டங்கள். அங்கே பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் வாழ்ந்த 245 குடும்பங்கள், வேலை போன பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றன: எங்களுக்குத் தரைவீடு வேண்டும். 2023இல் கூட்டரசு அதை ஏற்றுக்கொண்டு வீடமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இப்படிப்பட்ட கோரிக்கை எழும்போதெல்லாம் வெளியே இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கூரை இருந்தால் போதாதா? அடுக்குமாடி வீட்டுக்கு என்ன குறைச்சல்?

கேள்வி நியாயமாகத்தான் தெரியும். தோட்டத்து அன்றாட வாழ்க்கையில் நான்கு சாதாரண சங்கதிகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும்: கோழி, அண்டைவீடு, வந்துபோகும் விருந்தாளி, மாலை நேரத் தொலைக்காட்சி.

வேலையோடு ஒட்டிய வீடு

கோல சிலாங்கூர் மலேசியத் தோட்டத் தொழிலின் தலைவாசல்களில் ஒன்று. ஆன்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் தோட்டத்திலும் சரி, அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் சரி, காட்டை அழித்துக் கன்று நட்டவர்களுக்கு லயத்து வீடு சொந்தமானதில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். தாத்தா பிறந்து, அப்பா வளர்ந்து, பிள்ளை படித்த வீடாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

வீடு முதலாளியுடையது என்றால், அந்த வீட்டில் நடப்பதற்கெல்லாம் அவருடைய அனுமதி தேவைப்பட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தால் இது விளங்கும். சம்பள உயர்வும் வேலை நேரக் குறைப்பும் அதில் இருந்தன. கூடவே, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும், துரை எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கைகளும் இருந்தன. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். மச்சான் வந்தால் வீட்டுக்குள் அழைத்து உட்கார வைக்கும் உரிமையைக்கூட நம்மவர்கள் போராட்டப் பட்டியலில் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் விருந்தோம்பலுக்கு இப்படியொரு அரசியல் வரலாறு உண்டு.

கிராணி எழுதாத கணக்கு

கோழிக்கு வருவோம். பால் வெட்டு என்றால் விடியுமுன் பெரட்டு, பிற்பகலுக்குள் பால் நிறுவை, அதற்குப் பிறகு நீண்ட மாலை. அந்த மாலையில்தான் லயத்துக்குப் பின்னால் கீரைப்பாத்தியும் மரவள்ளியும் வாழையும் வளர்ந்தன. பழைய தகரத்தையும் பெட்டிப் பலகையையும் சேர்த்து அடித்த கூண்டில் கோழிகள் அடைந்தன. பகலில் பருந்தும் உடும்பும், இரவில் முசாங்கும் பாம்பும் பங்கு கேட்டன. அப்படியும் ஐந்தாறு கோழி இல்லாத வீடு அபூர்வம்.

சம்பளம் கிராணியின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டு, பெரும்பாலும் ஆண்களின் கை வழியாக வீட்டுக்கு வந்தது. வழியில் கள்ளுக்கடையும் இருந்தது. கோழியும் முட்டையும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து, திடீர்க் காய்ச்சலுக்கு மருந்து, அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மொய் என்று பெண்கள் யாரிடமும் கையேந்தாமல் செய்த செலவுகளில் பல கூண்டிலிருந்து வந்தவை. ஒருத்தி அடைக்கோழியை வாரத்துக்கு விடுவாள், மற்றொருத்தி பொரித்த குஞ்சில் பாதியைத் திருப்புவாள். வங்கிக் கணக்கில்லாத பெண்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட கடன் முறை இது. ஆடி மாதம் முனியாண்டிக்கு நேர்ந்த சேவலும், சொல்லாமல் வந்து நின்ற சம்பந்திக்குக் குழம்பான பெட்டையும் இதே கணக்கில் சேரும்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. தீவன விலை ஏறி, சந்தையில் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, அரசு உச்சவிலை நிர்ணயித்தது. கம்பத்துக்கோழியின் விலையோ எப்போதும் பண்ணைக்கோழிக்கு எட்டாத உயரம். கொல்லை உள்ளவர்களுக்கு அந்த மாதங்களில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருந்தது. மூன்றாவது மாடியில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

அண்டைவீட்டுச் சண்டை

தோட்டத்தில் எல்லாரும் ஒரு தாய் மக்களாக வாழ்ந்தார்கள் என்று எழுதுவது பொய். உன் கோழி என் கீரையைக் கிளறிவிட்டது என்று தொடங்கிய வாய்ச்சண்டை மூன்று தலைமுறைக் கதைகளையெல்லாம் இழுத்து வந்து முடியும். பலகைச் சுவரில் ரகசியம் நிற்காது. சாதிப் பேச்சும் இருந்தது, குடித்துவிட்டு அடித்த கையும் இருந்தது.

ஆனால் சண்டை போட்டவர்கள் மறுநாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். அதனால் கோயில் தலைவரோ மூத்த மண்டோரோ நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் கர்ப்பிணிக்கு நள்ளிரவில் வலி எடுத்தால் முதலில் எழுந்து வந்தது பெரும்பாலும் நேற்றுச் சண்டை போட்ட பக்கத்து வீட்டு அக்காதான். இந்த உறவில் அன்புக்கு ஒரு பங்கு உண்டென்றால், பொது வழியும் பொதுக் குழாயும் எதிரெதிர் வாசலுமாக அமைந்த லயத்தின் கட்டுமானத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

குற்றவாளி தொலைக்காட்சியா?

இந்த அண்டைவீட்டு உறவு பின்னாளில் அறுந்தது. அதற்குப் பலரும் காட்டும் குற்றவாளி தொலைக்காட்சி. மலேசியாவில் ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது, 1978இல் வண்ணத்துக்கு மாறியது. தோட்டங்களில் பல காலம் ஜெனரேட்டர் ஓடும் மாலை நேரத்தில்தான் மின்சாரம். மண்டபத்தில் ஒரு பெட்டி, அல்லது வசதியுள்ள ஒரு வீட்டில் ஒரு பெட்டி. தமிழ்ப்படம் வருகிற நாளில் பாய் போதாமல் பிள்ளைகள் சன்னலில் தொங்குவார்கள். 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. வானவில்லும் பிறகு தமிழ்நாட்டு அலைவரிசைகளும் வீட்டுக்கு வீடு நுழைந்தன. தொடர் ஓடும் நேரத்தில் யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்பது எழுதாத சட்டமாயிற்று.

இருந்தும் பழியைப் பெட்டியின் தலையில் கட்ட நான் தயாராக இல்லை. லயத்திலும் பெட்டி இருந்தது. தொடரைக் கதவைத் திறந்துவைத்துப் பார்த்தார்கள். வழியில் போனவர் அஞ்சடியில் நின்று இரண்டு காட்சி பார்த்துவிட்டு, விளம்பர இடைவேளையில் ஊர்ச்செய்தி சொல்லிவிட்டுப் போனார். அடுக்குமாடியில் அதே தொடர், பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால் ஓடுகிறது. பெட்டி மாறவில்லை, வாசல் மாறிவிட்டது. முழங்கால் வலியுள்ள பாட்டி நான்கு மாடி இறங்கிப் பக்கத்துக் கட்டடத்துத் தோழியைப் பார்க்கப் போவதில்லை என்றால் அதற்கு மெகா தொடர் காரணமில்லை. படிக்கட்டுதான் காரணம்.

டிங்கில் சொல்லும் பாடம்

வட சிலாங்கூர்க்காரர்களின் பிடிவாதம் கண்ணால் கண்ட பாடத்திலிருந்தும் வந்தது. புத்ராஜெயா உருவானபோது பெராங் பெசார், மேடிங்லி, செட்ஜ்லி, கேலவே தோட்டங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 400 குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. கட்டடத்தில் விரிசலும் ஒழுக்கும் கண்டன. தரைவீடு கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். நாட்டின் புதிய நிர்வாகத் தலைநகருக்கு இடம் விட்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் எதை நம்பி மாடி ஏறுவது?

எதிர்வாதங்களையும் பார்ப்போம். நில விலை ஏறிவிட்டது என்பது உண்மை. இளைய தலைமுறை ரவாங்கிலும் புக்கிட் பெருந்தோங்கிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறது, கோழி வளர்க்க அவர்களுக்கு நேரமில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த நிலத்தின் விலை ஏறியதில் அங்கே மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கும் பங்குண்டு. தோட்ட நிலம் வீடமைப்பு நிலமாக மாறும்போது கிடைக்கும் லாபத்தோடு ஒப்பிட்டால், முன்னாள் தொழிலாளருக்கு ஒதுக்கும் சில ஏக்கர் எந்த நிறுவனத்தையும் சாய்த்துவிடாது. மேலும், இளையவர்கள் வேலைக்குப் போனபின் பகல் முழுதும் வீட்டில் இருப்பது முதியவர்களும் குழந்தைகளும். வாசலும் கொல்லையும் முதலில் அவர்களுக்குத்தான் வேண்டும்.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம், வேலையில் இருக்கும்போது முதலாளி தரவேண்டிய வசதிகளைப் பற்றிப் பேசுகிறது. வேலை முடிந்தபின் வீடு யாருக்கு என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இன்று அதே தோட்டங்களில் உழைக்கும் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்களுக்கோ குடும்பத்தை அழைத்து வரவே அனுமதியில்லை. 1941இல் நாம் கேட்ட வந்துபோகும் உரிமை இன்னும் யாரோ ஒருவருக்கு மறுக்கப்பட்டபடிதான் இருக்கிறது. அதை நாம் மறந்துவிடக்கூடாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தோட்ட நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மாநில அரசு அனுமதி தரும்போதே, முன்னாள் தொழிலாளருக்குத் தரைவீடு என்பதை எழுத்துப்பூர்வ நிபந்தனையாக்க வேண்டும். வீடுகளைக் குலுக்கல் போட்டுப் பிரிக்காமல், லயத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்களைப் புதிய வரிசையிலும் அப்படியே குடியமர்த்த வேண்டும். 2021இல் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்த கோல சிலாங்கூர் போன்ற ஊராட்சி மன்றங்கள், இந்தக் குடியிருப்புகளில் சுகாதார விதிகளுக்கு உட்பட்டுச் சில கோழிகள் வளர்க்க இடம் தர வேண்டும். இன்னும் முடிவாகாத தோட்டங்களில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: 245 குடும்பங்கள் கலையாமல் நின்றதால்தான் அந்தத் திட்டம் வந்தது. வீட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் எத்தனை அறை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வாசல் எங்கே, கொல்லை எவ்வளவு, பக்கத்து வீட்டில் யார் என்றும் கேளுங்கள்.