எந்தச் சில்லு நல்ல சில்லு?

ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, தறிச் சத்தம் கேட்கும் ஊர். அங்கே ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு மடிக்கணினி வாங்க வேண்டும். கடைக்காரர் எழுதிக் கொடுத்த இரண்டு கொட்டேஷன்களை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. ஒண்ணு வேகம் கம்மியாம். இன்னொண்ணு வேகம் ஜாஸ்தியாம். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குப் பத்தாயிரம் ரூபாய் சின்னத் தொகையா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு ஒரு கதை சொன்னேன். உண்மைக் கதை. நம் சென்னையில் தொடங்கிய கதை.

கம்ப்யூட்டரின் மூளை

கம்ப்யூட்டருக்குள் மூளை போல ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் பிராசசர். சின்னஞ்சிறு சிலிக்கான் சில்லு அது. கூட்டுவது, கழிப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் அதன் வேலை. கடிகாரம் துடிப்பது போல அதற்கும் ஒரு துடிப்பு உண்டு. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதைத்தான் கடைக்காரர் "வேகம்" என்கிறார்.

ஒரு குடும்பம், இரு பிள்ளைகள்

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியும் அவருடைய குழுவினரும் ஒரு பிராசசர் குடும்பத்தை வடிவமைத்தார்கள். அதற்குச் "சக்தி" என்று பெயர் வைத்தார்கள்.

சேலைக்கு டிசைன் போட்டால் மட்டும் போதுமா? நெய்வதற்குத் தறி வேண்டாமா? சில்லு நெய்யும் "தறி" என்பது பல்லாயிரம் கோடி ரூபாய் ஆலை. 2018-ம் ஆண்டில் "சக்தி" இரண்டு ஆலைகளில் உருவானது.

முதல் பிள்ளை, அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில் பிறந்தது. பெயர் "ரைஸ்கிரீக்". 300 சில்லுகளை இலவசமாகவே செய்து கொடுத்தார்கள்.

இரண்டாவது பிள்ளை, நம் நாட்டிலேயே பிறந்தது. பெயர் "ரிமோ". சண்டிகாரை ஒட்டி, அப்போது இஸ்ரோவின் பொறுப்பில் இருந்த செமிகண்டக்டர் ஆய்வகத்தில் செய்தார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்கச் சில்லு நொடிக்கு 35 கோடி முறை துடித்தது. சண்டிகார்ச் சில்லு சுமார் 7 கோடி முறை துடித்தது. அதாவது, ஐந்தில் ஒரு பங்கு வேகம்!

ஏன் இந்த வித்தியாசம்?

வித்தியாசம் தறியில் இருக்கிறது. அமெரிக்க ஆலை 22 நானோ மீட்டர் வகை. சண்டிகார் ஆலை 180 நானோ மீட்டர் வகை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோ மீட்டர்.

நூலில் நம்பர் கூடக் கூட இழை மெலியும். சில்லில் நம்பர் குறையக் குறைய இழை மெலியும். இழை மெலிந்தால் மின்சாரம் போகும் தூரம் குறையும். வேகம் கூடும்.

நான் யாருக்கு மாலை போடுவேன்?

வேகத்தில் வென்றது ஆரிகன் சில்லு. சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் மாலை போடுவது சண்டிகார்ச் சில்லுக்குத்தான்.

இரவல் தறியில் எத்தனை நாள் நெய்ய முடியும்? 2021-ல் உலகம் எங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தது. பணம் கட்டியவர்கள் காருக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கையில் காசு இருந்தது, சில்லு இல்லை!

சண்டிகார் ஆலையும் சும்மா வளர்ந்துவிடவில்லை. 1989-ல் தீ விபத்தில் அழிந்தது. மறுபடியும் கட்டி எழுப்பினார்கள். அந்த ஆலையின் 180 நானோ மீட்டர் தறியில் செய்த "விக்ரம் 3201" சில்லு, 2024 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் ஏறிச் சோதனையில் தேறியது. பூஜ்யத்துக்குக் கீழே 55 டிகிரி குளிரையும், 125 டிகிரி வெப்பத்தையும் அது தாங்கும். ராக்கெட்டுக்கு வேண்டியது நடுவழியில் கைவிடாத மூளை. அங்கே வேகம் இரண்டாம் பட்சம்.

அதற்காகப் பெருமை பேசியே காலம் தள்ளவும் கூடாது. 180 நானோ மீட்டர் என்பது 1999-ல் உலகம் பிடித்த இடம். இன்றைய கைப்பேசிக்கு அது போதாது. குஜராத்தில் தொலேராவில் 28 நானோ மீட்டர் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். நமக்கு நுட்பமான தறிகளும் வேண்டும். அவை நம்முடையவையாகவும் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு எது?

கதையைக் கேட்டு முடித்த பெரியவர், "நாட்டு விஷயம் சரி தம்பி. என் வீட்டு விஷயம்?" என்றார்.

"மகள் என்ன படிக்கிறாள் ஐயா?" என்று கேட்டேன்.

"பி.காம்."

கணக்குப் போட, கட்டுரை எழுத, பாடம் கேட்க, வேகம் குறைந்த மூளையே தாராளம். வீடியோப் படம் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும், எந்திர வரைபடம் போடுகிறவர்களுக்கும் கூடுதல் வேகம் தேவைப்படும். மேலும், துடிப்பு எண் மட்டுமே வேகம் ஆகாது. சில்லுக்குள் எத்தனை மூளைகள் சேர்ந்து வேலை செய்கின்றன, நினைவகம் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். பெரிய எண்ணைக் காட்டினால் மயங்கிவிடக் கூடாது. "எந்த வேலைக்கு?" என்பதுதான் முதல் கேள்வி.

பெரியவர் சிரித்தார். "முகூர்த்தத்துக்கு நூறாம் நம்பர் நூல். காட்டு வேலைக்கு நாப்பதாம் நம்பர். நாங்க தினமும் பார்க்கிறதுதானே தம்பி!" என்றார்.

குறைந்த விலைக் கொட்டேஷனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி மகளிடம் நீட்டினார். மிச்சமான பத்தாயிரம் அவளுடைய அடுத்த வருடக் கட்டணத்துக்கு ஆகும் என்றார்.