ஸ்க்ரூவைத் திருகினால் அது ரிப்பேரா?

"அண்ணே, ஐடிலிங் நிக்கல" என்று மொபெட்டைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். பல கடைகளில் ஒரே வைத்தியம்தான். ஐடில் ஸ்க்ரூவில் அரைத் திருகு. வண்டி டுர்ர்ரென்று ஓடும். காசு கொடுத்துவிட்டு நாமும் சந்தோஷமாக வந்துவிடுவோம். இது ரிப்பேர் இல்லை நண்பர்களே, நோயை மறைக்கிற வேலை.

எங்கள் பக்கம் இது விளையாட்டு விஷயம் இல்லை. பழவேற்காட்டு மீனும் இறாலும் ஐஸ் பெட்டியில் ஏறி மொபெட்டில்தான் தெருத்தெருவாகப் போகிறது. போன மாதம் அப்பா பெட்டியோடு பொன்னேரி பஜாரில் நின்றிருந்தார். பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தியதும் வண்டி தானாக முன்னால் நகர்ந்தது. எதிரே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை! காலை ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டார். முந்தின நாள்தான் "ஐடில் ஏத்தியாச்சு".

காரணம் எளிது. இந்த வண்டியில் கிளட்ச் லீவர் கிடையாது. இன்ஜின் வேகம் கூடினால் கிளட்ச் தானே பிடிக்கும். ஐடிலை ஏற்றி வைத்தால் நிற்கும்போதும் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். கிளட்ச் ஷூ தேயும், பெட்ரோல் வீணாகும், ஒருநாள் யார் மேலாவது மோதும்.

நான் படிப்பது பி.காம். கணக்கில் நஷ்டத்தை மறைத்து அழகு காட்டுவதை விண்டோ டிரெஸ்ஸிங் என்பார்கள். இதுவும் அதேதான்.

சரி, உண்மையான நோய் எங்கே? பெரும்பாலும் ஸ்லோ ஜெட்டில். ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது அந்தப் பொடி ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் போகிறது. ஒரு துளி அழுக்கு போதும், அடைத்துக்கொள்ளும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் தங்கினாலும் ஐடிலிங் நிற்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் சோக் முழுசாகத் திரும்பியிருக்கிறதா, ஏர் ஃபில்டரும் பிளக்கும் சுத்தமா என்று பாருங்கள். அப்புறம் இன்ஜின் ஆறியதும் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தைக் கழற்றித் துடையுங்கள். ஜெட்டைப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிசாகிவிடும். கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் முடிந்து, இன்ஜின் சூடான பிறகு, கடைசியாகத்தான் ஐடில் ஸ்க்ரூ. ஸ்டாண்டில் நிறுத்தினால் இன்ஜின் அணையக் கூடாது, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு சுற்றவும் கூடாது. அதுதான் அளவு.

"மீன் காத்திருக்குமா? சீக்கிரம் கொடு" என்று அவசரப்படுத்துவது நாம்தானே என்பீர்கள். உண்மைதான். காலையில் யாருக்கும் நேரமில்லை. ஆனால் வியாபாரம் முடிந்த மதியம் அரை மணி நேரம் கிடைக்காதா?

"2020-க்கு அப்புறம் வந்த வண்டியில் கார்புரேட்டரே இல்லையே" என்பவர்களுக்கு: புது வண்டி வாங்கக் காசு இருந்தால் அப்பா ஏன் பழசை உதைத்துக்கொண்டிருக்கிறார்?

அடுத்த முறை ஸ்க்ரூ டிரைவரோடு யாராவது குனிந்தால், "ஜெட்டைக் கழற்றிப் பாருங்க அண்ணே, கூலி சேர்த்துத் தர்றேன்" என்று சொல்லுங்கள்.

டிஸ்கி: எல்லா மெக்கானிக்கையும் திட்டவில்லை. எனக்கு ஜெட் கழற்றக் கற்றுக் கொடுத்தவரும் ஒரு மெக்கானிக்தான்.