நின்றது வண்டி; தண்டனை யாருக்கு?

விவசாயத் தொழிலாளிப் பெண்களைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. ஆகவே, சங்க வேலையாக அவர்களைச் சந்திக்க விரும்பினால் விடியற்காலையில் வண்டியேறும் இடத்துக்கே போக வேண்டும். அப்படித்தான் அண்மையில் ஒருநாள், வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நடவுக்குப் போகும் பெண்களோடு நாமும் ஒரு பிக்கப் வண்டியில் ஏறினோம். நெல்மூட்டை ஏற்றும் வண்டி. அதில் பதினெட்டுப் பெண்கள், மேஸ்திரி ஒருவர், நாம்.

சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையைத் தொட்டுக் கொஞ்ச தூரம் போயிருப்போம். எஞ்சின் ஓசை சட்டென்று அடங்கிவிட்டது. பள்ளம் இல்லை, மேடு இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரனை அலறவிட்டபடி வந்துகொண்டிருந்தது. டிரைவர் இளைஞர்; ஸ்டீயரிங்கை மார்பால் தள்ளாத குறையாகத் திருப்பி, எப்படியோ இடது ஓரம் சேர்த்துவிட்டார். லாரி ஒரு முழ இடைவெளியில் கடந்து போயிற்று.

எல்லோரும் இறங்கினோம். கால் நடுங்கியது நமக்குத்தான். மூத்த அம்மாள் ஒருவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னார்: “வண்டி போய்ச் சேர்ந்தா கூலி, நடுவுல நின்னா சாவு. நாங்க தெனமும் பார்க்கிறதுதான் தோழரே.”

டிரைவரிடம் விசாரித்தோம். ஆறு மாதத்தில் இது மூன்றாவது தடவையாம். விற்ற கடையில் கேட்டால் “டீசல் சரியில்லை” என்கிறார்கள். பங்க்கில் கேட்டால் “வண்டி சரியில்லை” என்கிறார்கள். ஊர் மெக்கானிக்கிடம் போனால், “கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கணும், என்கிட்டே அந்தக் கருவி இல்லை” என்கிறார். பைனான்ஸ் கம்பெனி மட்டும் எந்தக் காரணமும் சொல்லாமல், மாதம் தவறாமல் தவணை கேட்கிறது. கோளாறு ஒன்று, கையை விரிப்பவர்கள் மூன்று பேர், மாட்டிக்கொண்டவர் ஒருவர்.

இது தலைவிதியா? அல்ல என்று நாம் சொல்கிறோம்.

ஓடுகிற எஞ்சின் காரணமில்லாமல் நிற்காது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். எரிபொருள் பம்ப் பழுதாகலாம். சென்சார் என்ற உணர்கருவி பொய்த் தகவல் கொடுக்கலாம். ஒரு ஒயர் உரசி அறுந்திருக்கலாம். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஸ்பானர் பிடித்த கை மட்டும் சொல்லிவிட முடியாது. புகை குறைய வந்த விதி நல்ல விதிதான். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் நாம்தான். ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்கும் சாவியைக் கம்பெனி தன் மடியில் முடிந்து வைத்துக்கொண்டது. அதுதான் வினை.

எஞ்சின் நின்றால் வண்டி நிற்பதோடு விஷயம் முடிவதில்லை. ஸ்டீயரிங்குக்கு உதவும் பலம் போய் அது கல்லாகிவிடும். பிரேக் ஓரிரு மிதிக்கு மேல் இறுகிவிடும். நெடுஞ்சாலையின் நடுவில் ஒரு வண்டி செத்தால், அதிலிருப்பவர்கள் பின்னால் வருபவனின் கண்ணையும் தூக்கத்தையும் நம்பித்தான் உயிரோடிருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 11-ம் தேதி இதே நெடுஞ்சாலையில், திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே நடந்ததை மறக்க முடியுமா? அங்கே கெட்டது எஞ்சின் அல்ல, டயர் பஞ்சர். வேனை ஓரம் கட்டிவிட்டு ஜனங்கள் அருகே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி மோதியது. ஏழு பெண்கள் மாண்டார்கள். பழுதாகி நிற்கும் வண்டி எத்தனை பெரிய எமன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி முதலாளிகளின் வரலாற்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தயாரித்த சில கார்களில் சாவி போடும் சுவிட்ச் இளக்கமாக இருந்தது. ஓடும்போதே சாவி தானாக நழுவும், எஞ்சின் அணையும், ஸ்டீயரிங் இறுகும், மோதினால் உயிர் காக்க வேண்டிய காற்றுப்பையும் விரியாது. கம்பெனிக்குள் இருந்தவர்களுக்கு இது பத்தாண்டுக்கும் மேலாகத் தெரியும். மாற்றியிருக்க வேண்டிய பாகத்தின் விலை 57 சென்ட். அன்றைய கணக்கில் சுமார் 35 ரூபாய். 2014-ல்தான் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்தச் சுவிட்சுக்காக அழைக்கப்பட்டவை சுமார் 26 லட்சம் வண்டிகள். நஷ்டஈட்டு நிதியே ஒப்புக்கொண்ட சாவுகள் 124. 2015-ல் 90 கோடி டாலர் கட்டிக் குற்ற வழக்கிலிருந்து கம்பெனி தப்பியது. 15 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. 35 ரூபாய்ப் பாகத்துக்கு 124 உயிர்! லாபக் கணக்கு என்றால் இதுதான்.

நம் நாட்டு நிலை என்ன? 2024 மார்ச்சில் மாருதி கம்பெனி 16,041 கார்களைத் திரும்ப அழைத்தது. எரிபொருள் பம்ப் மோட்டாரில் கோளாறு. ஓடும்போது எஞ்சின் நின்றுபோகலாம் என்று கம்பெனியே சொன்னது. அந்த வண்டிகள் செய்யப்பட்டது 2019 ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையில். நாலரை ஆண்டு அவை ரோட்டில் ஓடியிருக்கின்றன! 2024 அக்டோபரில் ஹோண்டா கம்பெனி இதே எரிபொருள் பம்ப் காரணமாக 90,468 கார்களை அழைத்தது. பிக்கப் வண்டிகளும் விலக்கல்ல. 2021-ல் மகிந்திரா கம்பெனி 29,878 பிக்கப் வண்டிகளை ஒரு திரவக் குழாயை மாற்றுவதற்காக அழைத்தது. தாமே முன்வந்து அழைத்தது நல்லதுதான். அதை நாம் குறை சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு: கார் வைத்திருப்பவருக்குப் போன் வருகிறது. மூன்று கை மாறிய பழைய பிக்கப்பில் நடவுக்குப் போகும் பெண்ணுக்கு யார் போன் செய்வார்கள்?

சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 2021 ஏப்ரல் முதல் விதிகளும் வந்தன. 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும். தனித்தனியே நிற்கும் டிரைவர்கள் எங்கே புகார் எழுதுவது? இரண்டு, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இந்த விதி. கூலிக்காரர்களைச் சுமக்கும் வண்டிகளில் எத்தனை அந்த வயதுக்குள் இருக்கும்? புது வண்டி வாங்குகிறவனின் உயிருக்குச் சட்டம். பழைய வண்டியில் போகிறவளின் உயிருக்குச் சாமி!

தண்டனையையும் ஒப்பிடுங்கள். அஜாக்கிரதையால் சாவு ஏற்பட்டால் டிரைவருக்குப் பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் பத்து ஆண்டு என்ற உட்பிரிவை, 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் நாடு முழுவதும் வண்டியை நிறுத்திப் போராடியதால்தான் சர்க்கார் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தது. விதியை மீறி வண்டி செய்யும் கம்பெனிக்காரருக்கு? அபராதம் 100 கோடி வரை போகலாம். சிறை என்று வந்தால் அதிகபட்சம் ஓர் ஆண்டு. ஓட்டியவனுக்கு ஐந்து; செய்து விற்றவனுக்கு ஒன்று. இந்தத் தராசை யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 17,884 பேர். இவர்களில் எத்தனை பேர் வண்டியின் கோளாறால் மாண்டார்கள்? மோதிய பிறகு நொறுங்கிய பம்ப்பையும் ஒயரையும் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? “டிரைவரின் அஜாக்கிரதை” என்று எழுதிவிட்டால் பைல் மூடிவிடும்.

காஞ்சிபுரத்து நெசவாளித் தோழர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. முதலாளி கொடுத்த பட்டு நூலிலும் ஜரிகையிலும் குறை இருந்தாலும், சேலையில் பழுது கண்டால் பிடித்தம் நெசவாளியின் கூலியில்தான். ஆனால் தறியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாவில் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துவார், முடிச்சுப் போடுவார், பிறகுதான் அடுத்த ஊடை ஓடும். பழுதைப் பார்த்தவன் நிறுத்தலாம். இந்த எளிய உரிமை, இதே மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மோட்டார் ஆலைகளில் வேலை செய்யும் பல்லாயிரம் தொழிலாளிகளுக்கு மெய்யாக உண்டா? காண்டிராக்ட், டிரெயினி, அப்ரண்டிஸ் என்று துண்டு துண்டாக நிற்கும் இளைஞன், “இந்த போல்ட் சரியில்லை, லைனை நிறுத்துங்கள்” என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா? 2021 மே மாதத்தில், கொரோனாத் தொற்று உச்சத்தில் இருந்தபோது, லைனில் பாதுகாப்பான இடைவெளி வேண்டும் என்பதற்கே ஒரகடம் ரெனால்ட்-நிஸான் தொழிலாளர் சங்கம் ஐகோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சொந்த உயிருக்கே இந்தப் பாடு என்றால், வாங்குகிறவனின் உயிருக்கு லைனை நிறுத்தவா விடுவார்கள்? பலமான சங்கம் இருக்கும் ஆலையில்தான் நல்ல வண்டி வரும். சங்கம் வைக்கும் உரிமை ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ரோட்டில் போகிற ஒவ்வொருவருக்கும் காப்பு.

நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ள வேண்டும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டவிரோதம். அது தப்பான சட்டமல்ல. சரக்கு வண்டியில் இப்படி ஏறிப் போகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்துவிட்டது. இதை எத்தனை தோழர்கள் அறிவார்கள்? தெரிந்திருந்தும் நாம் அன்று ஏறினோம். ஆர்ப்பாட்டத்துக்கும் மாநாட்டுக்கும் இதே வண்டிகளில் ஜனங்களை அழைத்துப் போயிருக்கிறோம். இது தவறு, திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் சர்க்காரை ஒரு கேள்வி கேட்கிறோம். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள். வரவேற்றோம். விடிவதற்கு முன், வயல் இருக்கும் ஊருக்கு அந்த பஸ் போகிறதா? பஸ் விடாமல் பிக்கப்பைப் பிடித்து அபராதம் போட்டால், தண்டிக்கப்படுவது குற்றமல்ல, வறுமைதான்.

ஆகவே நாம் கோருகிறோம்:

நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் வேலை நேரத்துக்கு ஏற்ற பஸ்களைக் கிராமங்களிலிருந்து விட வேண்டும். ஆள் அழைத்துப் போகும் மேஸ்திரியும் நில உடைமையாளரும் பயணிகள் வண்டி அமர்த்த வேண்டும்.

திரும்ப அழைக்கும் விதியில் ஏழு ஆண்டு வரம்பை நீக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே தமிழில் புகார் பெற வேண்டும். எந்த வண்டிக்கு எத்தனை புகார் என்று பகிரங்கமாக ஒட்ட வேண்டும்.

சாவு நேர்ந்த விபத்து ஒவ்வொன்றிலும், டிரைவர் மேல் குற்றம் சாட்டுவதற்கு முன், வண்டியைப் பிரித்துப் பரிசோதிக்க வேண்டும்.

கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும் விவரமும் உதிரிப் பாகமும் ஊர் மெக்கானிக்குக்கு நியாய விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

பழுதைக் கண்டால் லைனை நிறுத்தும் உரிமை ஆலைத் தொழிலாளிக்கு எழுத்தில் வேண்டும்.

இவை கிடைக்கும்வரை உயிர் காக்கும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறோம். ஓட்டும்போது எஞ்சின் நின்றால் சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதியுங்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வண்டி உருளும்போதே இடது ஓரம் சேருங்கள். இறங்குகிறவர்கள் இடது பக்கம் இறங்கி, ரோட்டைவிட்டு விலகி நில்லுங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ உட்காராதீர்கள். நின்ற தேதி, இடம், கடைக்காரர் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதி வைத்துச் சங்கத்திடம் கொடுங்கள். ஒருவர் எழுதினால் அது காகிதம். நூறு பேர் எழுதினால் அது வழக்கு.

அன்று வண்டி கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தாமதத்துக்காக மேஸ்திரி அந்தப் பெண்களின் கூலியில் கால் பங்கைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் நின்றதற்கு அவர்கள் அபராதம் கட்டினார்கள்! மறுவாரம் அந்தப் பதினெட்டுப் பேரும் சங்கத்தில் சேர்ந்தார்கள். பிடித்த கூலியைத் திரும்பக் கேட்பது அவர்களுடைய முதல் கோரிக்கை. பஸ் கேட்பது இரண்டாவது. இரண்டையும் வாங்கும்வரை நாம் அவர்களோடு நிற்போம்.