ஸ்கேன் நார்மல் என்று சொல்லிக் கைவிட்டோம்

1976-ல் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர், நெடுங்காலமாக மனச்சிதைவு நோயோடு இருந்த 17 பேருக்கு மூளையில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குள் திரவம் நிரம்பியிருக்கும் அறைகள், நோயில்லாதவர்களைவிட அவர்களுக்கு விரிந்திருந்தன. 1990-ல் அமெரிக்காவில் ஒரே கருவில் பிறந்த 15 இரட்டையர் ஜோடிகளை எம்.ஆர்.ஐ.யில் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு மட்டும் நோய். நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ், இடப்பக்கத்தில், 14 ஜோடிகளில் நோயாளிக்கே சிறுத்திருந்தது. இருவருக்கும் ஒரே மரபணு, ஒரே தாய்.

அப்படியும் நாம் தாயைத்தான் குற்றம் சொன்னோம். செய்வினை என்றோம், பேய் என்றோம், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு வீட்டுப் பெண்ணையும் சேர்த்து வதைத்தோம். பத்திரிகைக்காரர்களான நாங்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஜோக்குகளால் பக்கம் நிரப்பினோம். லண்டன் ஆய்வு வெளிவந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது நம் குடும்பங்கள். தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியது 1984-லேயே.

இப்போது நாம் செய்கிற தவறு வேறு. கடன் வாங்கியாவது ஸ்கேன் எடுக்கிறோம். ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்ததும், "ஒண்ணுமில்ல, நடிக்கிறான், சோம்பேறி" என்று முடிவுகட்டுகிறோம். ஆனால் அந்த ஆய்வுகள் காட்டிய வித்தியாசம், பலரைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் புலப்படும். 2016-ல் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஸ்கேன்களைத் திரட்டிய எனிக்மா ஆய்விலும் ஹிப்போகேம்பஸ் சிறுத்தும் அறைகள் விரிந்தும்தான் இருந்தன. ஆனால் வித்தியாசம் சிறியது. நோயாளிகள் பலரின் அளவுகள் நோயில்லாதவர்களின் அளவுகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நெடுநாள் சாப்பிடும் மருந்தும் மூளையின் அளவை ஓரளவு மாற்றக்கூடும். அதனால் ஒருவரது படத்தை மட்டும் வைத்து மனச்சிதைவு உண்டென்றோ இல்லையென்றோ எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கட்டியோ வேறு நோயோ இருக்கிறதா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் ஸ்கேன் எழுதித் தருகிறார்கள். நோயைக் கண்டறிவது பேச்சைக் கேட்டு, நடத்தையைப் பார்த்து, வீட்டாரிடம் விசாரித்து. அதற்கு வேண்டிய பொறுமையும் நேரமும்தான் நாம் கொடுக்காதவை. காதில் குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னபோது, என்ன குரல், என்ன சொல்கிறது என்று நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டோம்?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்தபிறகும் வீட்டின் பின்னறையில் பூட்டி வைப்பதற்கு மன்னிப்பே கிடையாது.

உங்கள் வீட்டில் ஒருவர் தனக்குள்ளேயே பேசிக்கொண்டு, உறக்கம் கெட்டு, எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். ஸ்கேன் நார்மல் என்பதற்காக, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.