பாவை தமிழது, பெயர் எவரது?

அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையே, கரிசல் நிலத்தின் நடுவில், பாலவனத்தம் என்னும் ஊர் இருக்கின்றது. வானம் பார்த்த நிலம், வேலிக்கருவைக் காடு, கோடையிற் பாளம் பாளமாய் வெடிக்கும் கறுப்பு மண். அவ்வூரின் பெயரைத் தமிழுலகம் மறவாதிருப்பது அதன் நிலத்தலைவராய் விளங்கிய பாண்டித்துரையாரால். மதுரைக்கு வந்திருந்த அவர் சொற்பொழிவுக்கெனத் திருக்குறட்படி ஒன்று கேட்க, தமிழ் வளர்த்ததாய்ப் பெருமை பேசும் அந்நகரில் அஃது எளிதிற் கிட்டவில்லை என்றும், அந்நாணமே 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கமாய் உருவெடுத்ததென்றும் சொல்வர். அவரே, 1906இல் வ. உ. சிதம்பரனார் வெள்ளையரை எதிர்த்துக் கப்பற்குழுமம் தொடங்கியபோது பொருள் தந்து துணைநின்றார். மொழிக்குக் கழகமும் தொழிலுக்குக் கப்பலும் ஒரே கையால் வளர்க்கப்பட்டன. மொழி வேறு, தொழில் வேறு என்னும் பிளவை அப்பெருமகனார் அறிந்திலர்.

இன்றோ அப்பிளவே அறிவென்று கற்பிக்கப்படுகின்றது. அதற்கு ஒரு சான்று காண்க.

களிமண்ணாலும் கம்பியாலும் துணியாலும் சாணளவு பாவை செய்து, அது வாழ்தற்கு ஒரு சிறுவீடும் தெருவும் கட்டி, பாவையின் கையை நெல்லளவு நகர்த்தி ஒரு படம் பிடித்து, மீண்டும் நெல்லளவு நகர்த்தி மற்றொரு படம் பிடித்து, அப்படங்களை விரைந்தோட்டி உயிருள்ளதுபோற் காட்டும் கலை ஒன்றுண்டு. ஒரு நொடிக்கு 24 படங்கள். ஒரு மணித்துளிக்கு 1,440. பெரும்பொருள் வேண்டுவதன்று, பெரும்பொறுமை வேண்டுவது. கைப்பேசி ஒன்று கிடைத்தாற் கரிசற்காட்டுச் சிறுவனும் தொடங்கத்தக்கது.

தமிழ்நாட்டில் அக்கலையைக் கற்பிக்கும் வகுப்பறையிலும், மாணவரை ஈர்க்கும் விளம்பரத் தாளிலும் அதன் பெயர் என்ன? ‘ஸ்டாப் மோஷன்’! பாவை ‘பப்பெட்’ ஆயிற்று. அதன் உட்கூடு ‘ஆர்மேச்சர்’ ஆயிற்று. அது வாழும் சிறுவீடு ‘மினியேச்சர் செட்’ ஆயிற்று. அவ்வீட்டின் சட்டியும் பானையும் உரலும் ‘பிராப்ஸ்’ ஆயின. ‘ஆர்மேச்சரைச் செட்டில் பிக்ஸ் பண்ணு’ என்று ஆசிரியர் சொல்ல, மாணவர் தலையாட்டுகின்றனர். அத்தொடரிலே தமிழுக்குக் கிடைத்த பங்கு இரண்டு வேற்றுமையுருபும் ஒரு ‘பண்ணு’வும்! வீட்டுக்குரியவளைத் திண்ணையில் உட்காரவைத்து வந்தவர் உள்ளே விருந்துண்ணும் நிலை இது.

தமிழில் இவற்றுக்குச் சொல் இல்லையா? சொற்பஞ்சத்தாலா இக்கடன்?

கழகக்காலச் சிறுமியர் ஆற்று வண்டலையும் கடல்மணலையும் பிசைந்து பாவை செய்து விளையாடினர்; அதற்கு வண்டற்பாவை என்று பெயர். அப்பாவைக்கு அவர்கள் கட்டிய மணல்வீடு சிற்றில். அவ்வீட்டில் அவர்கள் பொய்யாய்ச் சமைத்தது சிறுசோறு. பிள்ளைத்தமிழ் நூல்களின் பத்துப் பருவங்களுள் ஆண்பாற்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல் ஒன்று; சிறுதேர் உருட்டல் மற்றொன்று. கொல்லிமலையில் நின்றதாக நற்றிணையும் குறுந்தொகையும் பேசும் கொல்லிப்பாவை, செய்த உருவின் அழகுக்கே ஓர் உவமையாய் நின்றது. தென்பாண்டி நாட்டு மரக்கடைசற் பட்டறைகளிற் பிறக்கும் சின்னஞ்சிறு அடுப்புக்கும் பானைக்கும் திருகைக்கும் இன்றும் செப்பு என்றே பெயர். பாவை, சிற்றில், செப்பு! ‘பப்பெட்’, ‘செட்’, ‘பிராப்ஸ்’ என்னும் மூன்றும் முழங்காற் பருவத்துத் தமிழ்க் குழந்தையின் வாயிலேயே கிடக்கின்றன. அக்குழந்தை வளர்ந்து கல்லூரி புகுந்ததும் அவற்றைத் துப்பிவிட்டு வருமாறு கட்டளையிடப்படுகின்றது!

சொல் மட்டுமோ? தொழிலும் இங்கேயே உள்ளது. மேலைநாட்டார் பாவைப்படம் எடுக்கும் முறையைக் கூர்ந்து நோக்குவார்க்கு இது விளங்கும்.

பாவைக்குள் வளையும் கம்பியாலோ எஃகுக் குமிழ்மூட்டாலோ ஓர் உட்கூடு வேண்டும். இன்றேல் மேற்பூச்சு தொங்கும், கை ஒடியும். ஐயனார் கோவிலுக்குப் புரவி செய்யும் வேளார், ஆளுயரக் குதிரையைச் சூளையில் வெடிக்காது நிறுத்துதற்கு மண்ணோடு மணலும் உமியும் எவ்வளவு சேர்ப்பது, எவ்விடத்தை உள்ளீடின்றிக் குடைவாய் விடுவது என்பதைக் கைக்கணக்கிலேயே அறிந்தவர். உருவத்தின் எடையை அதன் கால் தாங்குமாறு செய்வதே இரண்டு தொழிலுக்கும் முதற்பாடம். குடந்தைப் பக்கத்து மரப்பாவைக் கூத்தர், நாலரையடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரக்கூடிய பாவையை, தலையில் அணிந்த இரும்பு வளையத்திற் கட்டிய கயிற்றாலும் கையிற் பிடித்த கம்பியாலும் ஆட்டுவர். எந்த மூட்டைத் தளர்த்தினால் நடை வரும், எதனை இறுக்கினால் நிமிர்வு வரும் என்பது அவர்க்கு மரபறிவு.

பாவையின் உடையிலே நூல் தடித்திருந்தால் அது சாக்குப்போலத் தோன்றி அளவைக் காட்டிக் கொடுத்துவிடும். 2009இல் வந்த ‘கோரலைன்’ என்னும் படத்திற் பாவையின் மேற்சட்டையை மயிரிழை ஒத்த ஊசிகளாற் கையாலேயே பின்னினர். அதனை உலகம் வியந்தது. வியக்கட்டும்! ஆனால் நூலின் நயம் அறிந்த நெசவாளர் அருப்புக்கோட்டையிலே தறிமுன் இருக்கின்றனர் என்பதைத் தமிழ்நாட்டு வகுப்பறை அறியுமா? 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்துப் பேரரக்கக் குரங்கு உண்மையில் ஒன்றரையடிப் பாவை. அதன்மேற் போர்த்திய முயல்தோலின் மயிர், நகர்த்துவோர் விரல்பட்டுப் படத்துக்குப் படம் கலைந்து, திரையில் நெளிந்தது. தோலையும் மயிரையும் பதப்படுத்தும் அறிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அதுவே சான்று. ஆட்டுத்தோலைக் கண்ணாடிபோல் ஒளிபுகப் பதப்படுத்தி, உளியாற் பொள்ளி, வண்ணம் தீட்டும் தோற்பாவைக் கலைஞரிடம் அவ்வறிவு உண்டு. விளாச்சேரியிற் களிமண் உருவம் அச்செடுப்பவரிடம் வார்ப்பறிவு உண்டு.

இவருள் ஒருவரேனும் அவ்வகுப்பறைக்குள் ஆசிரியராய் நுழைய முடியுமா? முடியாது. வாயிலைக் காப்பது ‘ஆர்மேச்சர்’ என்னும் சொல். வேளார்க்கு அச்சொல் தெரியாது. ஆதலின் அவர் அறியாதவர். மாணவனுக்கு வேளாரின் சொல் தெரியாது. ஆதலின் அவன் அவரிடம் ஒன்றும் கேட்கமாட்டான். ஒரு சொல் இரண்டு கைகளுக்கு நடுவே சுவராய் நிற்கின்றது. சொல்லில் என்ன இருக்கின்றது என்று கேட்பார்க்கு இதுவே விடை. சொல்லிற் சோறு இருக்கின்றது. அயற்சொல் நுழைந்த பட்டறையிலிருந்து தமிழ்த் தொழிலாளி வெளியேற்றப்படுகின்றான்.

இனி, ‘இஃது உலகத் தொழில், உலகமொழியிலேதான் நடத்தல் வேண்டும்’ என்பார் உளர். அவர் உலகத்தையே சரியாய்ப் பார்த்திலர்.

செக்கிய மக்களின் வரலாற்றைக் காண்க. அவர்தம் நாட்டில் ஆட்சியும் உயர்கல்வியும் செருமானிய மொழியின் கையில் இருந்த காலத்தில், ஊரூராய் வண்டியிற் சென்று மரப்பாவை ஆட்டிய எளிய கூத்தர் செக்கிய மொழியிலேயே ஆடினர். மாத்தேய் கோப்பெட்சுகி (1775–1847) என்பாரின் பெயர் அம்மக்களிடையே இன்றும் நிலைத்திருக்கின்றது. மாளிகை கைவிட்ட மொழியை மரப்பாவை காத்தது. அம்மரபில் வந்தவரே இயிரி திருங்கா (1912–1969). அவர் 1947இல் செக்கியரின் ஆண்டுவிழாக்களையும் 1953இல் செக்கியரின் பழங்கதைகளையும் பாவைப்படங்களாக்கினார். முகம் அசையாத மரப்பாவை, தலைசாய்ப்பாலும் விளக்கொளியாலும் மட்டுமே அழுதது, சிரித்தது. அச்சிறு நாட்டின் பாவையை உலகம் தேடிவந்து பார்த்தது. செக்கியர் தம் மொழியை விற்று உலகத்தை வாங்கவில்லை.

அத்திருங்காவிடம் கற்க, 1963ஆம் ஆண்டளவில் சப்பானிலிருந்து கிகாச்சிரோ கவமோத்தோ என்பவர் பிராகா நகருக்குச் சென்றார். ஆசான் அவர்க்குச் சொன்ன அறிவுரை யாது? செக்கியரைப் போலச் செய்க என்பதன்று. சப்பானியரின் சொந்தக் கூத்து மரபைத் தேடிச் செல்க என்பதே. கவமோத்தோ நாடு திரும்பினார், தம் நாட்டு முகமூடிக் கூத்தையும் பாவைக்கூத்தையும் கற்றார், 1976இல் ‘தோசோசி’, 1979இல் ‘கட்டகு’ என்னும் பாவைப்படங்களைப் படைத்தார், உலகப்புகழ் பெற்றார். தொழிலை எவரிடமும் கற்கலாம். உயிரைத் தன்னிடத்திலிருந்தே எடுத்தல் வேண்டும். இவ்வுண்மையைச் செக்கியர் சொன்னார், சப்பானியர் கேட்டார். தமிழர் எப்போது கேட்பர்?

ஆங்கிலம் கற்கவேண்டாவென்று எவரும் சொல்லவில்லை. அயல்நாட்டு நூலைப் படிக்க அது வேண்டும். அயல்நாட்டில் விற்க அது வேண்டும். வாயிற்கதவு எத்திசையிலும் திறக்கட்டும். ஆனால் அடுக்களையிற் பேச்சு எம்மொழியில் நடக்கின்றது என்பதே வினா. செய்யும் இடத்துமொழி தமிழாய் இருந்தால், செய்யும் பொருள் தமிழாய் இருக்கும். இன்றேல் தமிழ்நாட்டுப் பட்டறை, பிறர் கதைக்குப் பிறர் சொற்படி கைவேலை செய்து கூலி பெறும் இடமாகவே முடியும்.

ஈண்டுத் தமிழ்ப்பற்றாளர்மேலும் ஒரு குற்றம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அகரமுதலியின் முன் அமர்ந்து நூறு சொல் ஆக்கி, அவற்றை மலரில் அச்சிட்டு, கடமை முடிந்ததென்று கைகழுவும் வழக்கம் அவரிடையே பெருகியுள்ளது. பட்டறையை மிதியாத சொல் பட்டறையில் வாழாது. தச்சரும் கொல்லரும் வேளாரும் ஆளும் சொற்களைக் கேட்டறியாமல், ஆங்கிலச் சொல்லை உறுப்புறுப்பாய்ப் பெயர்த்து வைப்பது தமிழாக்கமன்று; ஆங்கிலத்துக்குத் தமிழுடை போர்த்துதலே. ‘ஸ்டாப் மோஷன்’ என்பதை ‘நிறுத்த இயக்கம்’ என்றால் எவருக்கு என்ன விளங்கும்? தோற்பாவைக்கூத்தும் மரப்பாவைக்கூத்தும் வழங்கும் நாட்டிற் பாவைப்படம் என்று சொல்லக் கூசுவானேன்? பாட்டி கேட்டாலும் விளங்கும் சொல் அது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. தென்மாவட்டங்களிலே தோற்பாவைக்கூத்தைத் தலைமுறை தலைமுறையாய் நடத்திவருபவருட் பெரும்பாலார், வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர். தம் வீட்டுமொழி வேறாயிருந்தும், ஊர்முன் திரைகட்டி விளக்கேற்றியதும் அவர் பேசியது தமிழ். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் சிரிக்கவைத்தது தமிழால். வந்தவர் தமிழை வளர்த்தனர். பிறந்தவர் அதனை இழிவென்று ஒதுக்குகின்றனர். இதனினும் பெரிய நாணக்கேடு யாது? அக்கூத்தர்க்குத் திருவிழா இரவு ஒன்றின் கூலியும் ஒரு பொன்னாடையும் போதுமென எண்ணுதலும் அந்நாணக்கேட்டின் ஒரு பகுதியே.

ஆதலின் செயல் வேண்டும். பாவைப்படம் கற்பிக்கும் கல்லூரிகள், வேளாரையும் தச்சரையும் பாவைக்கூத்தரையும் ஊதியம் தந்து ஆசிரியராய் அமர்த்துக. பள்ளிகள் சிற்றில் கட்டுதலைக் கைத்தொழிற் பாடமாக்குக. அத்தொழிலாளர் வாயினின்று வரும் சொற்களையே கலைச்சொல்லாய்த் தொகுக்குக; இல்லாதவற்றுக்கு மட்டும் புதுச்சொல் ஆக்குக. கரிசல்நாட்டு இளைஞர், நகரத்து வகுப்பறைக்குக் காத்திராது, கண்மாய் வண்டலையும் கட்டுக்கம்பியையும் எடுத்து இன்றே தொடங்குக. முதற்பாவை சாயும், இரண்டாம் பாவை வெடிக்கும், மூன்றாம் பாவை நடக்கும். நடக்கும் அப்பாவை தமிழிற் பேசுக.

நாணில்லாதார் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்று திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளிற் சொல்லியுள்ளார். ஒரு குறட்படி கிட்டாமைக்கு நாணிய பாலவனத்தத்துத் தலைவர் ஒரு கழகமே கண்டார். இற்றைத் தமிழர், தம் பாவைக்குத் தம் மொழியிற் பெயரில்லாமைக்கு நாணுவரா? நாணுவரேல் பாவை அவர் கையில் ஆடும். நாணாரேல், ஆடுவது பாவையன்று, அவரே. கயிறு பிறர் கையில்!